ரோமர் மதிலிலிருந்து ரெய்னர்ஸ் லேன் வரை: லண்டனில் ஒரு வீடு பார்த்த கதை

2009 ஒக்டோபர் கடைசி வாரம் பாரிஸிலிருந்து லண்டன் போய் வந்தேன். ஊர் சுற்றப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் போனது வீடு பார்க்க.

பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கையில் வந்த எங்களுடைய ஆட்களில் பாதிப்பேர் லண்டனுக்கு மாறிவிட்டார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்பது முதல் காரணம். கோயிலும் கடையும் சொந்தக்காரரும் பக்கத்தில் என்பது அடுத்தது. என் கணவருக்கும் அந்த எண்ணம் வந்து இரண்டு வருடமாகிறது. மகள் அபிக்குப் பதினொரு வயது. மாற்றுவதென்றால் இப்போதே மாற்றிவிட வேண்டும் என்பது அவருடைய கட்சி. ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், தன் தெருவிலேயே ஒரு வீடு வாடகைக்கு வருகிறது என்று சொன்னதும் பேச்சு சூடுபிடித்தது. வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீ போய்ப் பார். நீ ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை," என்று என் தலையில் கட்டிவிட்டார் கணவர்.

நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்தவள். பாரிஸின் புறநகரில் ஒரு பள்ளி உணவுக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஒன்பது வருடம் தற்காலிகமாக இருந்து, இந்த ஜனவரியில்தான் நிரந்தரம் ஆக்கினார்கள். விட்டுவிட்டுப் போனால் அது திரும்பக் கிடைக்காது. நான் தயங்க அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: களைப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து பாரிஸ், பாரிஸுக்குள்ளேயே ஐந்து வீடு. இன்னொரு முறை பெட்டி கட்டும் தெம்பு எனக்கு இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன் என்றும் சொல்லலாம்.

பள்ளி விடுமுறை என்பதால் வியாழக்கிழமை காலை கடலுக்கு அடியால் போகும் சுரங்க ரயிலைப் பிடித்தேன். முன்கூட்டியே எடுத்ததால் போகவர எண்பத்தெட்டு யூரோ. இரண்டே கால் மணி நேரத்தில் லண்டன் சென் பாங்ரஸ். மச்சாளுக்கு வேலை முடிய மாலையாகும். ஆகவே பகல் முழுவதும் என்னுடையது. அந்தப் பகலில் ஒரு வேலை செய்ய நினைத்திருந்தேன். லண்டன் தொடங்கிய இடத்தில் நானும் தொடங்கி, அது வளர்ந்த வழியே வெளியே போய், மச்சாள் வீட்டில் முடிக்க வேண்டும். குடியேறுவதா என்று யோசிக்கும் ஊர் எப்படி இவ்வளவு பெரிதானது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

காலை ஒன்பதரைக்குப் பிறகு வாங்கினால் ஆறு வலயத்துக்கும் ஒரு நாள் பயணச்சீட்டு ஏழரை பவுண். அதை வாங்கிக்கொண்டு டவர் ஹில் நிலையத்தில் இறங்கினேன். வெளியே வந்ததுமே மதில் தெரிகிறது. எல்லோரும் லண்டன் டவர் கோட்டையைப் படமெடுக்கிறார்கள், முதுகுப் பக்கம் நிற்கும் மதிலை யாரும் கவனிப்பதில்லை. கீழ்ப்பகுதி ரோமர் கட்டியது. கல் வரிசைகளுக்கு நடுவே சிவப்பு ஓட்டுப் பட்டைகள் ஓடுகின்றன. மேற்பகுதி அதற்குப் பல நூறு வருடங்களுக்குப் பின் வந்தவர்கள் ஏற்றியது. ரோமர் நடந்த நிலம் இன்றைய தெருவுக்குப் பல அடி கீழே இருக்கிறது. நகரம் அகலத்தில் வளர்வதற்கு முன் உயரத்தில் வளர்ந்திருக்கிறது, தன் குப்பையின் மேல் தானே ஏறி.

அங்கிருந்து மதில் போன வழியே நடந்தேன். மதில் பெரும்பாலும் இல்லை, ஆனால் வாசல்களின் பெயர்கள் இருக்கின்றன. ஓல்ட்கேட், பிஷப்ஸ்கேட், ஓல்டர்ஸ்கேட். கதவில்லாத வாசல்கள். வளைந்து வளைந்து போய் பார்பிக்கன் நிலையத்தை அடைய, நின்று பார்த்த நேரத்தையும் சேர்த்து, எனக்கு ஒன்றரை மணி நேரமானது. தூறல், ஈரத் தரை, முழங்கால் வலி எல்லாம் அதற்குள் அடக்கம். நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள். இந்த மதிலுக்குள் இருந்ததுதான் பல நூற்றாண்டுகளாக லண்டன். சுற்றளவு அவ்வளவுதான். அரசன் இருந்தது இதற்குள் அல்ல, இரண்டு மைல் மேற்கே வெஸ்ட்மின்ஸ்டரில். வியாபாரிகளின் ஊர் ஒன்று, அரசனின் ஊர் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஆற்றோரமாக ஒரு தெரு. 1666 பெருந்தீயில் உள் நகரம் எரிந்த பிறகு, வசதியுள்ளவர்கள் மேற்குப் பக்கமாக நகர ஆரம்பித்தார்கள். புகையும் நெரிசலும் வேண்டாம் என்று போனவர்களின் பின்னாலேயே வீடுகளும் போயின. இடையிலிருந்த வயல்கள் தெருக்களாயின.

யாழ்ப்பாணத்தில் விரிவுரையில் கவராயம் வைத்து வட்டத்துக்குள் வட்டமாக வரைந்திருக்கிறோம். நடுவில் வியாபாரம், அடுத்த வளையத்தில் ஏழைகள், வெளி வளையத்தில் வசதியானவர்கள். அழகான படம். அந்த வட்டங்களில் எவரும் மூட்டை தூக்கிக்கொண்டு நடக்கவில்லை.

பார்பிக்கனில் மெட்ரோபொலிட்டன் பாதை ரயிலில் ஏறினேன். அக்ஸ்பிரிட்ஜ் போகும் ரயில் என்று பார்த்து ஏறுங்கள், இல்லாவிட்டால் ஹரோவில் இறங்கி மாற வேண்டும். இந்தப் பாதையில் அடுத்த நிலையத்திலிருந்து தொடங்கும் துண்டுதான் உலகத்தின் முதல் நிலத்தடி ரயில், 1863ஆம் ஆண்டு. நீராவி இஞ்சினை நிலத்துக்குக் கீழே ஓட்டியிருக்கிறார்கள். புகையை நினைத்துப் பார்க்கவே இருமல் வருகிறது. பேக்கர் ஸ்ட்ரீட் தாண்டியதும் ரயில் வெளிச்சத்துக்கு வருகிறது. பின்ச்லி ரோட்டில் நின்றுவிட்டு வெம்பிளி பார்க் வரை நிற்காமல் ஓடுகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் நகரம் வளையம் வளையமாக உரிவதைப் பார்க்கலாம். முதலில் நெருக்கியடித்த செங்கல் வரிசை வீடுகள். பிறகு முன்னால் கொஞ்சம் இடம் விட்ட வீடுகள். வெம்பிளிக்குப் பிறகு இரண்டிரண்டாக ஒட்டிப்பிறந்த வீடுகள், வளைந்த முன்ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமான தோட்டம்.

இந்தக் கடைசி வளையத்தை ரயில்காரர்களே விற்றார்கள். பாதை போட வாங்கிய நிலத்தில் மிச்சமிருந்ததில் வீடு கட்டி, நல்ல காற்று, தோட்டம், நகரத்துக்கு நேர் ரயில் என்று விளம்பரம் செய்தார்கள். வீட்டையும் விற்று, தினமும் போகவரப் பயணச்சீட்டையும் விற்கலாம். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வயல்கள் மளமளவென்று தெருக்களாகின. ரெய்னர்ஸ் லேன், வயலுக்கு நடுவே இருந்த ஒரு சிறு தரிப்பிடம். அந்த வீடுகளுக்கு முதலில் வந்தவர்களும் எங்களைப் போலத்தான், உள்ளே இருந்த நெரிசலில் களைத்து வெளியே வந்தவர்கள்.

நாற்பது நிமிடத்தில் ரெய்னர்ஸ் லேன். குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய வாரம் என்பதால் ஐந்து மணிக்கே இருட்டு. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தமிழ்க் கடை. வாசலில் முருங்கைக்காய்க் கட்டு, பனங்கிழங்கு மாப் பைகள்.

மச்சாள் வேலை உடுப்போடுதான் கதவைத் திறந்தார். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் வேலை, விடிய நாலு மணிக்குப் போனால் மாலையில்தான் வருகிறவர்.

"வாரும், வாரும். களைச்சுப் போனீர். உதென்ன, காலெல்லாம் சேறு?"

"மதில் பாக்கப் போனனான் மச்சாள். ரோமர் கட்டின மதில்."

"மதிலோ! மதில் பாக்கவோ பிரான்ஸிலை இருந்து வந்தனீர்? எங்கடை பின்வளவிலையும் ஒண்டு இடிஞ்சு கிடக்கு. ரிக்கெற் இல்லாமல் பாக்கலாம்."

"அதை இடிச்சது ரோமர் இல்லை, நான்தான். கடை வானை ரிவர்ஸிலை விட்டு," என்றார் யோகன் அண்ணை, மச்சாளின் கணவர். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு.

சாப்பிடும்போது அவர்களின் கதையைக் கேட்டேன். தொண்ணூறுகளில் வந்தபோது ஈஸ்ட் ஹாமில் ஒரு அறை. துறைமுகத் தொழிலாளருக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று, அதற்குள் மூன்று குடும்பம். பிறகு வெம்பிளி. பிறகு இங்கே. அன்று பின்னேரம் நான் ரயிலில் பார்த்து வந்த வளையங்களை அவர்கள் பதினேழு வருடத்தில் வாழ்ந்து வந்திருந்தார்கள். நான் பார்க்க வந்த வீடு டென்மார்க் ரூபனுடையது. இங்கே எல்லோருக்கும் முன்பிருந்த நாடுதான் அடைமொழி. ரூபன் குடும்பம் மில்டன் கீன்ஸுக்குப் போகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் போட்டு, இதற்கு மேல் வளராதே என்று நிறுத்திவைத்தார்கள். நகரம் நின்றது, ஆட்கள் அதைத் தாண்டிக் குதித்தார்கள். மில்டன் கீன்ஸ் அப்படிக் குதித்தவர்களுக்காக அறுபதுகளில் தொடங்கிய புதுநகரம்.

"அப்ப இங்கை இருந்தும் ஆக்கள் போகினமோ?" என்று கேட்டேன்.

மச்சாள் கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டே, "போறவை போவினம்," என்றார். "நீர் வாறீர்தானே."

நான் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

வெள்ளி காலை மச்சாள் லீவு போட்டிருந்தார். "குளிச்சிட்டுச் சீலையைக் கட்டும். ஒம்பதரைக்குள்ளை போகோணும்." வீடு பார்க்க எதற்குச் சேலை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கொண்டு போகாததால் அவருடைய சேலையையே கட்டினேன்.

தெரு அமைதியாக இருந்தது. எங்களுடைய ஆட்களின் வீடுகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதைக் கவனித்தேன். கதவு கிழக்கே பார்க்கும் பக்கம். எதிர்ப்பக்கத்தில் வேறு ஆட்கள். எண்பது வருடத்துக்கு முன் கட்டியவன், பாதைக்கு ஏற்றபடி தெருவை இழுத்திருப்பான். அவனுக்கு இது தெரிந்திருக்காது.

ரூபன் வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்திருந்தது. உள்ளே பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், ரூபன், அவர் மனைவி. கதிரையில் ஏறி நின்று புகை மணியின் பற்றரியைக் கழற்றிக்கொண்டிருந்தார் ரூபன்.

"வாங்கோ பிரான்ஸ் மச்சாள். இதைக் கழட்டாட்டி சூடம் கொளுத்தினவுடனை ஃபயர் எஞ்சின் வந்து நிக்கும். போன மாசம் ஒராளின்ரை வீட்டிலை பாலோடை தண்ணியும் பொங்கினது."

"வலது காலை வைச்சு வாரும்," என்றார் மச்சாள்.

புதுவீடு புகும்போது பால் காய்ச்சுவது எங்கள் வழக்கம். அந்த வீட்டுப் பெண் அடுப்பு மூட்ட, புதுச் சட்டியில் பால் பொங்கி வழிய வேண்டும். வழிந்துவிட்டால் அது உங்கள் வீடு. குடியேற நாள் சென்றாலும், நல்ல நாளில் பாலை மட்டும் காய்ச்சி வைத்துவிடுவார்கள். மச்சாள் பஞ்சாங்கம் பார்த்துச் செய்திருந்த காரியம் இதுதான்.

"மச்சாள், நான் பாக்கத்தானே வந்தனான்."

"பாருமன். ஆர் வேண்டாம் எண்டது? பாலைக் காய்ச்சிப்போட்டு ஆறுதலாப் பாரும். விட்டால் மார்கழி வந்திடும், பிறகு தைக்குத்தான்." திரும்பி, பாலோடு பின்னால் வந்த யோகன் அண்ணையிடம், "இதென்ன பால்? பச்சை மூடியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்! பச்சை மூடி பொங்குமே? நீல மூடியெல்லோ சொன்னனான்!"

இங்கே கொழுப்பு குறைத்த பாலுக்குப் பச்சை மூடி, முழுப்பாலுக்கு நீல மூடி. அண்ணை மூலைக் கடைக்கு ஓடினார். அந்தப் பத்து நிமிடத்தில் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நல்ல வீடு. மேலே மூன்று அறை. தோட்டத்துப் பக்க அறையில் அபியின் மேசையை எங்கே போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். கையால் சுவரைத் தொட்டேன். இந்தச் சுவருக்குள் எத்தனை குடும்பம் இதுதான் கடைசி என்று நினைத்து வந்திருக்கும், எத்தனை குடும்பம் பிறகு வெளியே போயிருக்கும்? ரூபன் வீட்டுப் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பயம் இல்லை. களைப்பு.

நீல மூடி வந்தது. அடுப்பை என்னைத்தான் மூட்டச் சொன்னார்கள். மூட்டினேன். எல்லோரும் சட்டியைச் சுற்றி நின்றார்கள். கிழக்கே வழிய வேண்டும், வடக்கே வழிந்தாலும் நல்லது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். ஓரத்தில் சின்னக் குமிழிகள் வந்தன. நடுவில் ஆடை உயர்ந்தது. மச்சாள் கைகூப்பினார். நான் அடுப்பை நிறுத்திச் சட்டியை இறக்கி வைத்தேன்.

"என்ன செய்யிறீர்!"

"பொங்கினால் பிறகு நான் வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது மச்சாள்."

சேலைத் தலைப்பால் பிடித்தும் விரல் சுட்டிருந்தது, அதைக்கூட யாரிடமும் காட்ட முடியவில்லை. கடைசியில் ரூபன்தான், "அப்ப தேத்தண்ணி போடுவம். பால் ரெடியாத்தானே இருக்கு," என்றார். அவர் மனைவி கேத்திலைப் போட்டார். எல்லோரும் குடித்தோம். மச்சாள் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது ஒரே ஒரு முறை கேட்டார். "வீடு பிடிக்கேல்லையோ?"

"நல்ல வீடு. எனக்குத்தான் ஏலாது. இன்னொருக்கா முதலிலை இருந்து தொடங்க ஏலாது."

"எனக்கு மட்டும் ஏலுமே?" என்றார்.

சனிக்கிழமை மச்சாள் வேலைக்குப் போய்விட்டார். யோகன் அண்ணை என்னை வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெம்பிளி பார்க்கில் மாறினால் நேர் ரயில். முதல் நாள் நான் விட்டுவிட்ட பாதி நகரம் இது, அரசனின் ஊர். பாராளுமன்றம், தேவாலயம், மணிக்கூட்டுக் கோபுரம் எல்லாம் ஐந்து நிமிட நடைக்குள். நடுவில் ஒரு சதுரப் புல்வெளி.

"இந்தப் புல்லிலைதான் உம்மடை மச்சாள் இருந்தவ," என்றார் அண்ணை. "சித்திரையிலை இருந்து. ஷிப்ட் முடிஞ்சு நேரா இங்கை வருவா. வீட்டை வாறேல்லை."

எனக்குத் தெரியும். ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி, நாங்களும் பாரிஸில் அப்படித்தான் தெருவில் நின்றோம். தலைநகரம் என்றால் அதிகாரம் இருக்கும் இடம் என்று படித்தேன். முறையிட வருகிறவர்கள் நிற்கும் இடமும் அதுதான் என்பது இந்த வருடம்தான் தெரிந்தது. நின்றோம். கேட்டோம். வைகாசியில் எல்லாம் முடிந்தது.

"அதுக்குப் பிறகு வீட்டிலை ரீவி போடுறேல்லை," என்றார் அண்ணை. "அவவோடை வந்து இருந்த பொம்பிளையளிலை ரெண்டு பேர் எங்கடை தெருதான். ஒராள் கனடாவுக்குப் போட்டா. மற்றவ ரூபன்ரை மனுசி, இப்ப அவவும் போறா. நீர் வந்தால் ஒராள் கிட்ட இருக்கும் எண்டு நினைச்சவ. வேறை ஒண்டுமில்லை. நீர் மனசிலை வைக்காதையும்."

பால் சட்டியின் முன்னால் கைகூப்பி நின்றவர் வீட்டுக்காக நிற்கவில்லை. அது எனக்கு அந்தப் புல்லோரத்தில் நின்றபோதுதான் விளங்கியது. முதலே விளங்கியிருந்தால் சட்டியை இறக்கியிருப்பேனா? இறக்கியிருப்பேன். ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் அல்ல, முதல் நாள் இரவே சமையலறையில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன்.

ஞாயிறு மாலை பாரிஸில் இறங்கியபோது கணவர் நிலையத்துக்கு வந்திருந்தார். அக்கா எல்லாம் சொல்லியிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. கோபிப்பார் என்று நினைத்தேன். பெட்டியை வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நான் கடையிலை இன்னும் ஒண்டும் சொல்லேல்லை," என்றார். இரண்டு வருடமாக லண்டன் லண்டன் என்றவர், வேலையை விடப்போவதாக முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. இரண்டு பேரும் ரயில் மாறினோம்.

நீங்கள் போவதானால்: மதிலையும் மெட்ரோபொலிட்டன் பாதையையும் ஒரே நாளில் பார்க்கலாம், பத்து மணிக்குத் தொடங்கினால் இருட்டுமுன் முடியும். குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கு முன் ரயிலில் ஏறிவிடுங்கள், இருட்டினால் ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். வெஸ்ட்மின்ஸ்டருக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். மதிலைப் பார்க்கக் காசில்லை, பஸ்ஸுக்குக் காசாகக் கொடுத்தால் இரண்டு பவுண், பயண அட்டையில் ஒன்று. மழைச்சட்டை கட்டாயம். வீடு பார்க்கப் போகிறவர்கள், பார்க்க மட்டும்தான் வருகிறோம் என்பதைப் புறப்படுமுன் போனிலேயே சொல்லிவிடுங்கள். அதோடு உங்களை அங்கே கூப்பிடுகிறவர்கள் எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நான் நகரத்தைப் பற்றி அவ்வளவு வாசித்துவிட்டுப் போனேன். இதைக் கேட்கவில்லை.

மூன்று வாரம் மச்சாள் போன் எடுக்கவில்லை. நான் எடுத்தால் அண்ணைதான் பேசினார். நேற்று மச்சாளே எடுத்தார். டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம், பத்து நாள் நிற்போம் என்றேன்.

"போற ரிக்கெற் மட்டுமோ, போகவரவோ?"

"போகவரத்தான் மச்சாள்."

பின்னால் ரீவி ஓடுவது கேட்டது.

"சரி," என்றார். "வாருங்கோ."